சுழல்கிறது, ஆனால் தெரியவில்லை: பாரக்குடா 7200.11 முடக்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஹார்ட் டிஸ்க் பயாஸில் (கணினி இயங்கத் தொடங்கும்போது வட்டுகளைத் தேடும் நிரல்) தெரியவில்லை என்றதும், "டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்கிப் போடுங்கள்" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், வேறொரு கணினியில் மாட்டிப் பார்ப்பார்கள், அதோடு சரி. வட்டு தெரியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் உள்ளே எழுதியிருந்த ஓர் எழுத்துகூட அழிந்திருக்காது. எந்தக் காரணம் என்று பிரித்தறியாமல் வட்டைத் தூக்கிப் போடுவது எனக்கு எப்போதும் மனம் ஒப்பாத காரியம்.

அப்படிப் பிரித்தறிவதற்கு மிகப் பொருத்தமான நிகழ்வு, சீகேட் நிறுவனத்தின் பாரக்குடா 7200.11 வரிசை வட்டுகளுக்கு 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் நேர்ந்ததுதான். மோட்டார் நன்றாக இருந்தது. தட்டுகளில் கீறல் இல்லை. தட்டுகளைப் படிக்கும் ஹெட்டுகளுக்குச் சேதம் இல்லை. சேமித்த கோப்புகள் சேமித்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் மின்சாரம் கொடுத்தால், அப்படியொரு வட்டு மாட்டியிருப்பதாகவே கணினி காட்டவில்லை. காரணம் என்ன, வெளியிலிருந்து அதை எப்படி ஊகிக்க முடிந்தது, எப்படி மீட்டார்கள் ஆகிய மூன்றும் பொதுவெளியில் விரிவாகத் தெரியவந்தன. வட்டுப் பழுதுகளில் அப்படி நடப்பது அபூர்வம்.

எந்த வட்டுகள்

பாரக்குடா 7200.11 வரிசை 2007-இல் சந்தைக்கு வந்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்று. ஒரு டெராபைட் மாடலில் 250 ஜிபி கொண்ட நான்கு தட்டுகள், 32 எம்பி கேஷ், ஐந்தாண்டு உத்தரவாதம். ஒரு டெராபைட் என்பது வீட்டுப் பயனருக்கு மிகப் பெரிய கொள்ளளவாக இருந்த காலம். சிடிகளிலும் டிவிடிகளிலும் சிதறிக் கிடந்த படங்களையும் வீடியோக்களையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்க அது தாராளமாக இடம் கொடுத்தது. பழுது வந்தபோது இழப்பு அவ்வளவு கனமாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாதிக்கப்பட்ட வட்டுகள் பலவற்றின் லேபிளில் எஸ்டி15 என்ற ஃபர்ம்வேர் (வட்டை இயக்கும் உள் நிரல்) எண் அச்சாகியிருந்தது. சிக்கல் 7200.11 வரிசையோடு நிற்கவில்லை. அதே அடிப்படையில் உருவான பாரக்குடா இஎஸ்.2 சாட்டா (வட்டைக் கணினியோடு இணைக்கும் முறை) வட்டுகள், மேக்ஸ்டர் பெயரில் விற்ற டயமண்ட்மேக்ஸ் 22, வீடியோ பதிவுக் கருவிகளுக்கான எஸ்வி35 ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. 2008 டிசம்பர் வரை தயாரித்தவற்றில் இந்தக் குறை இருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

அந்தத் தேதியைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சீகேட் லேபிளில் உள்ள தேதிக் குறியீடு ஆங்கில ஆண்டைக் குறிப்பதில்லை. ஜூலை வாக்கில் தொடங்கும் அந்நிறுவனத்தின் நிதியாண்டைக் குறிக்கிறது. 09085 என்று இருந்தால் 2009-ஆம் நிதியாண்டின் எட்டாவது வாரத்தின் ஐந்தாம் நாள், அதாவது 2008 ஆகஸ்ட். முதலில் நிற்கும் 09-ஐப் பார்த்து "இது 2009-இல் செய்தது, பயமில்லை" என்று நினைத்தால் கணக்கு தவறிவிடும்.

இரண்டு முகங்கள்

பழுது இரண்டு விதமாக வெளிப்பட்டது. முதலாவதில் வட்டு பயாஸ் பட்டியலிலேயே வராது. இரண்டாவதில் மாடல் பெயர் சரியாக வரும். கொள்ளளவு மட்டும் பூஜ்யம் என்று காட்டும். மீட்புக்காரர்கள் முதலாவதை "பிஸி" என்றும், இரண்டாவதை "எல்பிஏ பூஜ்யம்" என்றும் அழைத்தார்கள். எல்பிஏ என்பது வட்டில் உள்ள இடங்களைக் குறிக்கும் தருக்க முகவரி. இந்த ஆய்வில் முதலாவதைத்தான் விரிவாகப் பார்க்கிறேன். இரண்டாவது, மீட்பின் நடுவில் தானாக எதிர்ப்படும்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் அம்சம்தான் புலனாய்வின் சாவி. ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டு நிற்கவில்லை. வேகம் குறையவில்லை, கோப்பு கெடவில்லை, முன்னெச்சரிக்கை எதுவும் இல்லை. கணினியை அணைத்து மறுபடி இயக்கும் அந்த ஒரு தருணத்தில்தான் காணாமல் போனது. தட்டிலோ ஹெட்டிலோ பழுது வந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னோட்டம் இருக்கும்: கோப்பு திறக்க இழுக்கும், நகலெடுக்கும்போது பிழை வரும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும். முன்னோட்டமே இல்லாமல், இயக்கத் தொடங்கும்போது மட்டும் வரும் பழுது என்றால், இயக்கத் தொடங்கும்போது மட்டும் வட்டு செய்யும் வேலை எது என்று கேட்க வேண்டும்.

வெளியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்

முதலில் காது. பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, வட்டின் மேல் விரல் வைத்து மின்சாரம் கொடுத்தால் நான்கு வகைப் பதில்களில் ஒன்று கிடைக்கும். சுத்தமாக அசைவே இல்லை என்றால் மின்சாரப் பாதையிலோ சர்க்யூட் போர்டிலோ கோளாறு. தவறான அடாப்டர் போட்டதால் மின்னழுத்தப் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகி முழுப் போர்டும் உயிரற்றுப் போவது இந்த ரகம். மோட்டார் சுழல முயன்று முனகினால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். சுழன்றபின் திரும்பத் திரும்ப டிக் சத்தம் வந்தால் ஹெட் பழுதென்று சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்திலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டு கீறுபடும் ஆபத்து கூடுகிறது. நான்காவது பதில்தான் பாரக்குடா கொடுத்தது: சீராகச் சுழன்று, முழு வேகம் பிடித்து, ஹெட்டுகள் நகரும் மெல்லிய ஒலியும் கேட்டு, பிறகு அப்படியே அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்தது. நலமான வட்டின் ஒலி.

அடுத்து இணைப்பு. சாட்டாவின் ஆரம்பக் காலக் கேபிள்களில் பிடிப்புக் கொக்கி கிடையாது. லேசாக இடித்தாலே கழன்றுகொள்ளும். வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட், பவர் சப்ளையிலிருந்து வேறு இணைப்பு என்று மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது கட்டாயம். அந்தக் காலத்துக்கே உரிய இன்னொரு காரணமும் இருந்தது. விஐஏ நிறுவனத்தின் விடி8237ஆர் போன்ற பழைய சிப்செட்டுகள், விநாடிக்கு 3 கிகாபிட் வேகத்தில் பேசும் புதிய வட்டுகளோடு வேகத்தை ஒத்துப்போக முடியாமல், வட்டு இல்லை என்றே முடிவு செய்துவிடும். வட்டின் பின்புறம் உள்ள நான்கு ஊசிகளில் உரிய இரண்டின் மேல் ஒரு ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) போட்டு வேகத்தை 1.5 கிகாபிட்டுக்கு இறக்கினால் சரியாகிவிடும். ஆனால் அது முதல் நாளே வரும் தகராறு. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வட்டுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

பயாஸில் சாட்டா இணைப்பின் இயக்க முறையை ஏஹெச்சிஐ, ஐடிஇ என்று மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த மாற்றம் விண்டோஸ் தொடங்குமா என்பதைப் பாதிக்கும். பட்டியலில் வட்டின் பெயர் வருமா என்பதைப் பொதுவாகப் பாதிக்காது. இதைச் செய்து, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு வட்டிலிருந்தும் விண்டோஸ் தொடங்காமல் போய், ஒரு பழுதை இரண்டாக்கிக்கொள்வதுதான் மிச்சம்.

இதுவரை எல்லாம் விலக்கும் வேலை. நேரடியான சாட்சியம் லினக்ஸ் கொடுக்கிறது. நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் சிடியிலிருந்து கணினியை இயக்கி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் செய்திப் பதிவைப் பார்த்தால் இரண்டு நிலைமைகளுக்கு இரண்டு வெவ்வேறு வரிகள் இருக்கும். கேபிள் கழன்றிருந்தாலோ வட்டின் போர்டு செத்திருந்தாலோ, சாட்டா இணைப்பு இல்லை என்ற வரி வரும். அதோடு நிலை எண் 0 என்று இருக்கும். முடங்கிய பாரக்குடாவில் வந்தது வேறு. இணைப்பு மெதுவாகப் பதில் சொல்கிறது, பொறுத்திருக்கவும் என்றொரு வரி. சற்று நேரம் கழித்து, மீட்டமைப்புத் தோற்றது, பிழை எண் மைனஸ் 16 என்றொரு வரி. லினக்ஸில் 16 என்ற பிழை எண்ணுக்கு "சாதனம் வேறு வேலையில் இருக்கிறது" என்று பொருள். கர்னல் வேகத்தை 1.5 கிகாபிட்டுக்கு இறக்கி மறுபடி முயலும், மறுபடியும் மைனஸ் 16, கடைசியில் கைவிட்டுவிடும்.

அந்த மைனஸ் 16 எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கம்பியின் அந்த முனையில் ஒருவர் இருக்கிறார், ஆனால் "இரு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வரவேயில்லை என்பதற்கு அது எழுத்துப்பூர்வமான ஆதாரம்.

பயாஸ் ஏன் அதைக் காட்டவில்லை என்பதும் இப்போது விளங்கும். ஏடிஏ தரநிலைப்படி ஒவ்வொரு வட்டிலும் ஒரு பைட் அளவுள்ள நிலைக் குறிப்பேடு இருக்கிறது. அதன் மேல் பிட் பிஸி என்ற பிட். மின்சாரம் வந்ததும் வட்டு அதை 1 என்று வைத்துக்கொண்டு, மோட்டாரைச் சுழற்றி, தன் வேலைகளை முடித்து, தயாரானதும் 0 ஆக்க வேண்டும். தரநிலை இதற்கு 31 விநாடி வரை அவகாசம் கொடுக்கிறது. பிட் 0 ஆன பிறகுதான் பயாஸ் "நீ யார்" என்று கேட்கும் கட்டளையை அனுப்பும். வட்டு 512 பைட்டில் தன் மாடல் பெயர், வரிசை எண், கொள்ளளவு எல்லாவற்றையும் சொல்லும். பிட் கடைசி வரை 1 ஆகவே நின்றால் கேள்வியே அனுப்பப்படுவதில்லை. பயாஸ் காத்துப் பார்த்துவிட்டு அடுத்த போர்ட்டுக்குப் போய்விடும். பல கணினிகளில் இது கண்ணுக்கே தெரிந்தது: தொடக்கத் திரை வழக்கத்தைவிட நெடுநேரம் நின்று, பிறகு அந்த வட்டின் பெயர் இல்லாமல் நகர்ந்தது. டாஸில் ஓடும் எம்ஹெச்டிடி கருவியைப் பயன்படுத்தியவர்கள், திரையின் மேல்வரிசையில் பிஸி என்ற விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்தார்கள்.

ஆகவே வெளியிலிருந்தே இவ்வளவு சொல்லிவிடலாம்: மின்சாரம் சரி, மோட்டார் சரி, இணைப்பு சரி, வட்டு தன் தொடக்க வேலையின் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நடந்தது

ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கணினிதான். அதற்கென்று ஒரு செயலி, நினைவகம், ஓர் இயக்க நிரல் இருக்கின்றன. நிரலின் சிறு பகுதி மட்டும் போர்டில் உள்ள, மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் இருக்கும். மீதி, பயனர் தொட முடியாத தனித் தடங்களில், தட்டுகளின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளும் அங்கேதான் உள்ளன: எந்த செக்டர்கள் (தகவல் எழுதும் சிறு பகுதிகள்) பழுது, தருக்க முகவரி எந்தத் தடத்தைக் குறிக்கிறது, இதுவரை என்னென்ன நிகழ்ந்தன. இவற்றில் கடைசியாகச் சொன்ன நிகழ்வுப் பதிவில்தான் வினை இருந்தது.

நிகழ்வுப் பதிவு வட்டமாகச் சுற்றி எழுதப்படும் ஓர் ஏடு. கடைசிப் பக்கம் நிரம்பியதும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பழையதன் மேல் எழுதும் கணக்குப்பிள்ளையைப் போல. கடைசிப் பக்கம் எது என்பதை நிரல் சரியாக அறிந்திருந்தால்தான் இது நடக்கும். பின்னர் வெளியான தொழில்நுட்ப விளக்கத்தின்படி, எஸ்டி15-இல் அந்த எல்லை தவறாக வைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் கொடுக்கும் தருணத்தில் பதிவின் எண்ணி 320-இல் நின்றாலோ, அதற்குப் பின் 256, 256 ஆகக் கூட்டி வரும் 576, 832 போன்ற இடங்களில் நின்றாலோ, குறிமுள் ஏட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விடும். நிரல் தன் தவறைத் தானே கண்டுபிடித்தது. எல்லை மீறியதைப் பார்த்ததும், தகவலுக்குத் தீங்கு வராதிருக்க அங்கேயே உறைந்து நின்றது. பிஸி பிட் 1 ஆக நிற்கும்போதே உறைந்துவிட்டதால் வெளியுலகுக்கு அது தெரியவே இல்லை.

இதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. தொழிற்சாலையில் வட்டைச் சோதித்த இயந்திரங்களில் ஒரு வகை, அந்த ஒதுக்கப்பட்ட தடங்களில் குறிப்பிட்ட வடிவில் தகவலை விட்டுச் சென்றிருக்க வேண்டும். எந்தச் சோதனை இயந்திரத்தின் வழியாக வந்தது என்பதைப் பொறுத்து ஒரு வட்டு முடங்கும், அதே மாடலில் பக்கத்து வட்டு கடைசி வரை பிழைத்திருக்கும். "எனக்கு வரவில்லையே" என்று சொன்னவர்களும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

உறைந்தபின் எண்ணியை நகர்த்த வழியில்லை. அடுத்த முறை மின்சாரம் கொடுத்தாலும் அதே 320, அதே உறைநிலை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். போர்டை மாற்றிப் பார்த்தவர்கள் ஏன் தோற்றார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. கெட்ட எண் போர்டில் இல்லை. தட்டின் மேல் இருக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு வட்டின் ஹெட்டுகளுக்கும் ஏற்ற தனி அளவீடுகள் அதனதன் போர்டின் சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பை மாற்றாமல் வேறு போர்டைப் பொருத்தினால் புதிய சிக்கல்தான் முளைக்கும்.

இன்னொன்றும் தெளிவாகிறது. வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணி 320-ஐக் கடந்து போனால் ஒன்றும் ஆகாது. அங்கே நிற்கும்போது மின்சாரம் போய் வந்தால்தான் ஆபத்து. இரவும் பகலும் அணையாமல் ஓடும் கணினியைவிட, தினமும் அணைத்துப் போடும் வீட்டுக் கணினிக்கே இந்தப் பழுது வரும் வாய்ப்பு அதிகம்.

மீட்பு

வழக்கமான வழியில் இதைச் சரிசெய்ய முடியாது. ஃபர்ம்வேரை மாற்றும் கருவியும் சாட்டா வழியாகத்தான் பேச வேண்டும். சாட்டா வழியாக வட்டு பதில் சொல்வதில்லை. ஆனால் பின்வாசல் ஒன்று இருந்தது. 1.5 கிகாபிட் ஜம்பர் போடும் அந்த நான்கு ஊசிகளில் இரண்டு, தொழிற்சாலைப் பொறியாளர்கள் வட்டோடு பேசும் சீரியல் இணைப்பின் அனுப்பும் முனையும் பெறும் முனையும். முடங்கிய வட்டோடு அந்த வழியாகப் பேசலாம் என்பதையும், என்ன பேச வேண்டும் என்பதையும் ஆர்வலர்கள் சிலர் ஒருவருக்கொருவர் உதவி, படிப்படியாக எழுதி வைத்தார்கள். அந்தப் பணியின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

கணினியின் பழைய சீரியல் போர்ட்டை நேராக இணைத்தால் வட்டின் போர்டு எரிந்துபோகும். சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் மிக அதிகம். வட்டுக்கு 3.3 வோல்ட் அளவில் பேசும் மாற்றி வேண்டும். மேக்ஸ்232 வகைச் சிப் வைத்துச் சிலர் செய்துகொண்டார்கள். பலருக்குக் கைகொடுத்தது நோக்கியா கைபேசிகளுக்கான சிஏ-42 டேட்டா கேபிள். அதன் யூஎஸ்பி முனைக்குள்ளேயே மாற்றிச் சிப் இருந்தது. கைபேசியில் செருகும் முனையை வெட்டிவிட்டு, உள்ளே உள்ள கம்பிகளில் அனுப்புவது, பெறுவது, தரை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கணினியில் ஹைப்பர்டெர்மினல் போன்ற நிரல். வேகம் 38,400, எட்டு பிட், பாரிட்டி கிடையாது, ஒரு நிறுத்த பிட்.

இணைத்து மின்சாரம் கொடுத்தால் திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும்: எல்இடி, பூஜ்யங்கள், முடிவில் சிசி என்ற பிழைக் குறியீடு, அதையடுத்து ஒரு முகவரி. எல்லை மீறி உறைந்த இடத்திலிருந்து நிரல் எழுப்பும் குரல் அது. அந்த வரி ஓடும்போது வேறு எந்தக் கட்டளையையும் வட்டு ஏற்காது. தட்டிலிருந்து அந்தப் பதிவைப் படித்ததும் உறைகிறது என்றால், படிக்க விடாமல் செய்தால் உறையாது. அதற்காக, போர்டைப் பிடித்திருக்கும் சிறு நட்சத்திரத் திருகுகளை டி6 திருப்புளியால் தளர்த்தி, போர்டுக்கும் மோட்டாரின் தொடுமுனைகளுக்கும் இடையில் ஒரு சிறு அட்டைத் துண்டைச் செருகினார்கள். சிலர் ஹெட்டின் தொடுமுனைகளில் செருகினார்கள். இப்போது மின்சாரம் கொடுத்தால், மோட்டாரில் செருகியிருந்தால் அது சுழலாது; எதில் செருகியிருந்தாலும் தட்டைப் படிக்க முடியாது. போர்டில் உள்ள சிறு நிரல் மட்டும் விழித்து நிற்கும். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால், எஃப்3 டி என்ற எழுத்துகளோடு வட்டு கட்டளைக்குக் காத்திருக்கும்.

அங்கிருந்து இரண்டாம் நிலைக்குப் போய், சுழற்சியை நிறுத்தும் இசட் கட்டளை. பிறகு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டையை உருவி, திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும். முழு வேலையிலும் கை நடுங்கும் இடம் இதுதான். திருகு ஒன்று நழுவி போர்டின் மேல் விழுந்தால் அத்தோடு வட்டு உண்மையாகவே செத்துவிடும். இறுக்கியபின் யூ என்ற கட்டளை. மோட்டார் எழும்பிச் சுழலும். முதல் நிலைக்குப் போய் என்1 என்ற கட்டளையால் ஸ்மார்ட் பதிவை (வட்டு தன் நலம் பற்றி வைத்திருக்கும் குறிப்பு) அழித்தால், மாட்டிக்கொண்டிருந்த எண்ணி விடுபடுகிறது. மின்சாரத்தை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மறுபடி கொடுத்தால், எல்இடி வரி இருக்காது.

பல வட்டுகள் இந்த இடத்தில் எல்பிஏ பூஜ்யம் நிலைக்கு வந்து நின்றன: பெயர் தெரியும், கொள்ளளவு இல்லை. தருக்க முகவரிகளைத் தடங்களோடு பொருத்தும் அட்டவணையை மறுபடி உருவாக்கச் சொல்லும் ஒரு நீண்ட கட்டளை இதற்கு உண்டு. எம் என்ற எழுத்தில் தொடங்கி, காற்புள்ளிகளுக்கு இடையில் எண்களாக நீண்டு, 22-இல் முடியும். அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. ஒன்று மாறினாலும் அட்டவணையைப் புதுப்பிக்கும் கட்டளை, வட்டை முழுவதும் வடிவமைக்கும் கட்டளையாகிவிடலாம். அதனால்தான் அதை இங்கே முழுதாக எழுதவில்லை. நினைவிலிருந்தோ பாதிக் குறிப்பிலிருந்தோ யாரும் தட்டச்சு செய்யக் கூடாத வரி அது.

பரவலாகப் பின்பற்றப்பட்ட செய்முறையில் இன்னொரு படியும் இருந்தது: பயன்பாட்டின்போது பழுதான செக்டர்களின் பட்டியலை அழிப்பது. இதை நான் ஏற்கவில்லை. பழுதான செக்டருக்குப் பதிலாக வேறிடத்தில் எழுதிய தகவலை அந்தப் பட்டியல் வழியாகத்தான் வட்டு கண்டுபிடிக்கிறது. பட்டியல் போனால், அந்தத் தகவல் அங்கே இருந்தும் எட்டாமல் போகும். அட்டவணைப் புதுப்பிப்பு அதில்லாமலே வேலை செய்தால், தொடாமல் விடுவதுதான் சரி.

வட்டு பயாஸில் மறுபடி தெரிந்தால் முதல் வேலை நகல். விண்டோஸைத் தொடங்கவிட்டு அதன் வட்டுப் பரிசோதனையை ஓடவிடக் கூடாது. டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே புதிய ஃபர்ம்வேர்.

நிறுவனம் செய்தது

2009 ஜனவரி நடுவில் சீகேட் குறையை ஒப்புக்கொண்டது. கணினியை இயக்கும்போது வட்டில் உள்ள தகவலை அணுக முடியாமல் போகலாம் என்றும், இலவசமாகப் புதிய ஃபர்ம்வேர் தருவதாகவும், ஏற்கெனவே முடங்கிய வட்டுகளுக்குக் கட்டணமின்றித் தகவல் மீட்பு செய்து தருவதாகவும் அறிவித்தது. தகவல் மீட்புக்கு வெளியில் பெருந்தொகை கேட்பார்கள் என்பதால் அந்தக் கடைசி வாக்குறுதி மதிப்புள்ளது.

ஆனால் ஃபர்ம்வேரின் முதல் வெளியீடு அவசரத்தில் வந்தது. அதை நிறுவிய 500 ஜிபி வட்டுகள் சில, அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை, நிறுவியபின் தெரியாமல் போயின. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, சோதித்து, மறுபடி வெளியிட்டது. எச்சரிக்கையாக இருக்க நினைத்து முதல் நாளே மேம்படுத்தியவர்கள் அடிபட்டது நியாயமே இல்லை. பிரதி எடுக்காமல் வட்டின் ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருவதற்கு இந்த ஒரு வாரமே போதுமான காரணம்.

அதே குடும்பத்துப் பழுதுகள்

ஃபர்ம்வேர் பிழையால் சாதனம் முடங்குவது இதோடு நிற்கவில்லை. 2011-இல் இன்டெல் 320 வரிசை எஸ்எஸ்டிகளில் சில, எதிர்பாராமல் மின்சாரம் போய் வந்தபின் தங்கள் கொள்ளளவை 8 எம்பி என்று காட்டின. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டி மாடல்கள் சிலவற்றுக்கு எச்சரிக்கை விட்டது: 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், அவை நின்றுவிடும். 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. குறியோடு கூடிய 16 பிட் எண்ணியில் அடங்கும் கடைசி எண்ணுக்கு அடுத்தது. 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்துக்கு இன்னோர் எச்சரிக்கை வந்தது.

பாரக்குடாவைவிட ஹெச்பிஇ பழுதுகள் கொடியவை. பாரக்குடாவில் தகவல் அப்படியே இருந்தது. ஹெச்பிஇ அறிவிப்பின்படி, அந்த நேரம் கடந்துவிட்டால் வட்டையும் மீட்க முடியாது, தகவலையும் மீட்க முடியாது. ஒரே நாளில் சர்வரில் பொருத்திய எஸ்எஸ்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த எண்ணை எட்டும். ஒன்று போனால் மற்றவை காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் பல வட்டுகளைச் சேர்த்து ரெய்டு அமைத்தவர்களுக்கு அந்த நம்பிக்கை அங்கே உதவாது. அதனால்தான் ஒரே தொகுப்பில், ஒரே நாளில் வாங்கிய வட்டுகளை மட்டும் வைத்து ஒரு ரெய்டு அமைப்பதை நான் எதிர்க்கிறேன்.

இன்னமும் வைத்திருப்பவர்களுக்கு

7200.11 வட்டுகள் இன்றும் அலமாரிகளில் இருக்கின்றன. பழைய படங்கள் அதில் இருக்கின்றன என்று எடுத்து வைத்தவை. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் மின்சாரம் கொடுக்கும் முன்பே லேபிளைப் பாருங்கள். எஸ்டி15 என்று இருந்து, அது கணினியில் ஒழுங்காகத் தெரிந்துவிட்டால், அன்றைக்கே முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். பாதியில் அணைத்துவிட்டு நாளை பார்க்கலாம் என்று விட வேண்டாம். அடுத்த முறை இயக்கும்போது எண்ணி எந்த எண்ணில் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. சுழலும் ஒலி கேட்டும் பயாஸில் வராவிட்டால், திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள், போர்டை மாற்றாதீர்கள், உறைபெட்டியில் வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் நலமான தட்டும் கெடும். சீரியல் முனையத்தில் வேலை செய்து பழகியவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். சுழல்கிறது, டிக் சத்தம் இல்லை, லினக்ஸில் மைனஸ் 16 வருகிறது, ஃபர்ம்வேர் எஸ்டி15 என்று சொல்லுங்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.